மென்பொருள் பராமரிப்பாளருக்குக் கொடுத்த ரிமோட் அனுமதி: என் பதில்

வணக்கம். கணக்கு மென்பொருளைப் பராமரிக்கும் நிறுவனத்தார் எனிடெஸ்க் என்ற, தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் செயலி வழியாக எந்நேரமும் உங்கள் சர்வருக்குள் வர முடிகிறது என்றும், அவர்கள் அனைவருக்கும் ஒரே கடவுச்சொல்தான் என்றும், உங்களிடம் உதிரிபாகம் வாங்கும் பெரிய நிறுவனம் இதை ஆட்சேபிக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த ஆட்சேபம் நியாயமானதே. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் களவுபோனபோது, திருடர்கள் குளிர்பதன வேலை பார்த்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லைக் கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள். உங்கள் வாடிக்கையாளரின் கண்ணுக்கு நீங்கள்தான் அந்த ஒப்பந்ததாரர்.

முதலில், ஆளில்லாதபோதும் இணைய விடும் அமைப்பை அணைத்துவிட்டு, உங்கள் ஊழியர் திரையில் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால் மட்டுமே இணைப்புக் கிடைக்குமாறு மாற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்று பராமரிப்பாளர் சொல்லக்கூடும். அது போதாது; எனிடெஸ்கில் முன்பே சேமிக்கப்பட்ட டோக்கன்களையும், அதாவது கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும் அனுமதிகளையும், அழிக்கச் சொல்லுங்கள். சர்வரில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருக்கட்டும். எதையும் மாற்ற விடும் அட்மின் உரிமை அவர்களுக்கு வேண்டாம்.

இவ்வளவு செய்தாலும் அவர்கள் அனுப்பும் அப்டேட்டிலேயே நஞ்சு கலந்திருந்தால் தடுக்க இயலாது. 2017இல் உக்ரைனின் எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகத்தான் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் பரவி, மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளையே முடக்கியது. ஆகவே வாரம் ஒருமுறையாவது தரவைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, உடனே கழற்றி வைத்துவிடுங்கள். ஊடுருவல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் நடப்பிலுள்ள விதி. பராமரிப்பாளரும் உங்களுக்கு உடனடியாகத் தகவல் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.