பபூன் வேஷம் கட்டப் போகிறேன் என்கிறான் மகன்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த மகன், காலேஜ் வேண்டாம், ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் பபூனாகப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். "கதாநாயகனாக ராஜபார்ட் என்றாலாவது பரவாயில்லை, கோமாளி வேஷமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் மதுரைப் பக்கத்து மேடையில் இரவு பத்து மணி வாக்கில் முதலில் ஏறி, கூட்டத்தைப் பிடித்து உட்கார வைப்பவரே பபூன்தான். பாட வேண்டும், டான்ஸ் காமிக் என்கிற ஆட்டக்காரப் பெண்ணோடு ஆட வேண்டும், வாய்க்கு வாய் பதில் சொல்ல வேண்டும். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் ஒரு ஊர். தனித்தனியாகப் பேசி வரவழைத்தவர்கள் அன்றிரவு கொட்டகையில்தான் சந்திப்பார்கள். வள்ளி திருமணம் என்றால் விடியும்வரை போகும். ஆர்மோனியக்காரர் பிடிக்கிற கட்டையில், அதாவது சுருதியில், தம்பியின் குரல் நிற்குமா? அதுதான் முதல் சோதனை. நடிப்பெல்லாம் அப்புறம்.

இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளே இளமையில் எமன், சனீஸ்வரன் வேஷம் கட்டியவர். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய பால சபையில் பையன்கள் கம்பெனியோடு தங்கி, பாட்டும் பாடமும் படித்தார்கள். இன்று மூத்த கலைஞர் ஒருவர் கூடவே போய், பார்த்துப் பார்த்துத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

வருமானத்துக்கு வருவோம். பங்குனி, சித்திரை, வைகாசியில் தூங்க நேரமிருக்காது. மழைக்காலத்தில் தேதியே இருக்காது. ஆனால் ஒன்று: முருகனாக நிற்க இளமை வேண்டும், சிரிக்க வைக்கிறவருக்கு நரை ஒரு தடையில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் 'நாடகக்காரனா' என்று முகம் சுளிப்பார்கள், மறைக்கவில்லை. இரட்டை அர்த்தப் பேச்சும் இந்த வேஷத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. எதுவரை பேசுவாய் என்று மகனிடம் நீங்களே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

காலேஜை மட்டும் விடவே கூடாது. மதுரையிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, வாய்ப்பாட்டு படிக்கலாம். கூடவே ஆர்மோனியம் பழகினால் வேஷம் கிடைக்காத இரவிலும் மேடையில் இடமுண்டு. நாடகமே பிடித்துப்போய், புதுவைப் பல்கலைக்கழகத்தில் முதுகலையோ டெல்லி தேசிய நாடகப் பள்ளியோ போக நினைத்தால், இரண்டுக்கும் டிகிரி வேண்டும். தொழிலில் இறங்கியதும் மதுரையில் உள்ள நடிகர் சங்கத்தில் சேர்வதும், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவதும் முக்கியம். வாரியத்தையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

இந்தத் திருவிழா சீசனில் நாலைந்து இரவு ஒரு மூத்த பபூனோடு போய்வரட்டும். அவன் அப்பாவும் கூடப் போகட்டும். மேடையை விட்டுவிட்டு, மேக்கப் போடும் இடத்திலேயே உட்காரச் சொல்லுங்கள். விடிந்ததும் ஊர்த் திருவிழாக் கமிட்டிக்காரர் பேசிய பணத்தை எண்ணிக் கொடுப்பதையும், அதில் பஸ் செலவும் சாப்பாடும் போக என்ன மிஞ்சுகிறது என்பதையும் இருவரும் பார்த்துவிட்டு வரட்டும். அதற்குள் கல்லூரி விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.