‘எ பிக்கர் ஹவுஸ் தேன் மைன்’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தமிழ்க் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வருகிறேன். ‘என்னுடையதைவிடப் பெரிய வீடு’ என்பதை ‘எ பிக்கர் ஹவுஸ் தேன் மைன்’ என்று எழுதியிருந்தேன். சரிபார்த்த நண்பர் அதை ‘எ ஹவுஸ் பிக்கர் தேன் மைன்’ என்று மாற்றினார். இரண்டும் ஒன்றுதானா? இன்னோர் இடத்தில் ‘மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டாக்டர்ஸ்’ என்று எழுதியதற்குக் கீழே கோடிட்டு, ‘பொருள் தெளிவில்லை’ என்று குறித்திருந்தார். எனக்கு அதில் ஒரு குழப்பமும் தெரியவில்லை. இலக்கணப் புத்தகங்களில் ‘பிக், பிக்கர், பிக்கஸ்ட்’ அட்டவணை கிடைக்கிறது. அந்தச் சொல்லைத் தொடருக்குள் எங்கே, எப்படி வைப்பது என்று யாரும் சொல்வதில்லை. விளக்க முடியுமா?

ம.

அன்புள்ள ம.,

இரண்டுமே சரியான ஆங்கிலம்தான், ஆனால் ஒன்றல்ல. உங்கள் வாக்கியத்தில் ‘மைன்’ என்பதும் ஒரு வீட்டையே குறிப்பதால் வேறுபாடு கண்ணில் படவில்லை. ஒப்பிடப்படும் இரண்டும் வேறு வேறு வகையைச் சேர்ந்தவையாக இருக்கட்டும், உடனே தெரிந்துவிடும். ‘எ டாக் ஹெவியர் தேன் மை சன்’ என்றால் என் மகனைவிட எடை கூடிய ஒரு நாய். அதையே ‘எ ஹெவியர் டாக் தேன் மை சன்’ என்று எழுதினால் மகனும் ஒரு நாய் என்று ஆகிவிடும். மொழியியலாளர் ஜோன் பிரெஸ்னன் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஓர் ஆணின் உயரத்தைத் தாயின் உயரத்தோடு ஒப்பிடும் வாக்கியங்களை வைத்து இதே வேறுபாட்டைக் காட்டியிருக்கிறார்.

காரணம், ‘தேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் சொல்லாமல் விடப்படும் பகுதி. ஒப்பீட்டுப் பெயரடை பெயருக்கு முன்னால் நின்றால், விடுபட்ட பகுதிக்குள் அந்தப் பெயரும் சேர்ந்துகொள்கிறது. ‘ஹெவியர் டாக்’ என்று சொல்லிவிட்டால் மறுபக்கத்திலும் ஒரு ‘டாக்’ இருந்தாக வேண்டும். பெயரடை பெயருக்குப் பின்னால் போய்விட்டால் ‘ஹெவி’ என்ற பண்பு மட்டுமே ஒப்பிடப்படுகிறது, மறுபக்கத்தில் யாரும் எதுவும் இருக்கலாம்.

ஆகவே ஒரே வகைப் பொருள்கள் என்றால் ‘எ பிக்கர் ஹவுஸ் தேன் மைன்’ என்பதே இயல்பு. பேச்சிலும் அதுதான் மிகுதி. நண்பரின் திருத்தம் பிழையில்லை, தேவையும் இல்லை. வகை மாறினாலோ, அளவைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தாலோ பெயருக்குப் பின்னால் கொண்டுபோங்கள். ‘எ பாய் டூ இன்ச்சஸ் ஷார்ட்டர் தேன் ஹிஸ் சிஸ்டர்’ என்பதில் அந்த இரண்டு அங்குலத்தைப் பெயருக்கு முன்னால் வைக்க முயன்றால் தொடர் நிற்காது.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு பிழைகள் வருகின்றன. தமிழில் அடையாக வருவது எல்லாம் பெயருக்கு முன்னாலேயே நிற்கும், ‘என்னுடையதைவிடப் பெரிய’ முழுவதும் வந்த பிறகுதான் ‘வீடு’. அந்த வரிசையிலேயே ‘எ பிக்கர் தேன் மைன் ஹவுஸ்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் பெயரடைக்கும் பெயருக்கும் நடுவே ‘தேன்’ பகுதி நுழைய முடியாது. சேர்த்தெழுத்துக் கோடு போட்டு ஒரே சொல்லாகக் கட்டிய ‘லார்ஜர்-தேன்-லைஃப்’, ‘பெட்டர்-தேன்-எக்ஸ்பெக்டட்’ போன்றவை மட்டும் விலக்கு. அந்த வழியில் நாமாகப் புதிதாகக் கட்டிக்கொண்டே போகாமல் இருப்பது நல்லது.

மற்றது, ‘எ பிக் ஹவுஸ் தேன் மைன்’. தமிழில் ஒப்பீட்டை ‘விட’ சுமக்கிறது, ‘பெரிய’ மாறுவதில்லை. ஆங்கிலத்தில் பெயரடையே மாற வேண்டும், ‘தேன்’ மட்டும் போதாது. இதற்குப் பயந்து ‘மோர் பிக்கர்’, ‘மோர் பெட்டர்’ என்று இரண்டு முறை மாற்றுவதும் பிழை.

பெயரடையின் தலை முன்னாலும் அதன் வால் பின்னாலுமாகப் பெயரைத் தாண்டிப் பிரிந்து நிற்பது ஆங்கிலத்தில் எல்லாப் பெயரடைக்கும் கிடைக்காத சலுகை. ‘எ மேன் ப்ரவுட் ஆஃப் ஹிஸ் சன்’ சரி; ‘எ ப்ரவுட் மேன் ஆஃப் ஹிஸ் சன்’ தவறு. ஒப்பீட்டுப் பெயரடைகளுக்கு அந்தச் சலுகை உண்டு. ‘டிஃபரன்ட்’, ‘சிமிலர்’, ‘ஈசி’ போன்ற சிலவும் அப்படிப் பிரிந்து நிற்கும்: ‘எ டிஃபரன்ட் புக் ஃப்ரம் திஸ்’, ‘ஆன் ஈசி புக் டு ரீட்’.

இப்படிப் பிரிந்து நிற்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ‘ஹீ ஹேஸ் எ பெட்டர் டீச்சர் தேன் மீ’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். எனக்கு வாய்த்த ஆசிரியரைவிட நல்ல ஆசிரியர் அவனுக்கு வாய்த்திருக்கிறார் என்றும் கொள்ளலாம். ஆசிரியராகிய என்னைவிட நல்ல ஆசிரியர் அவனுக்கு இருக்கிறார் என்றும் கொள்ளலாம். முதல் பொருள் வேண்டுமானால் ‘தேன் ஐ டூ’ என்று முடியுங்கள். இரண்டாவது வேண்டுமானால் ‘எ டீச்சர் பெட்டர் தேன் மீ’. மொழிபெயர்ப்பில் இந்த இடம் மிகவும் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் தமிழ் மூலத்தில் குழப்பம் இருக்காது. நாம்தான் அதைப் புதிதாக உண்டாக்குவோம்.

இனி மருத்துவர்கள். உங்கள் நண்பர் கோடிட்டது மிகச் சரி. ‘மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டாக்டர்ஸ்’ என்பதில் ‘மோர்’ யாரோடு சேர்கிறது? ‘எக்ஸ்பீரியன்ஸ்ட்’ என்பதோடு சேர்ந்தால் கூடுதல் அனுபவம் உள்ள மருத்துவர்கள். ‘டாக்டர்ஸ்’ என்பதோடு சேர்ந்தால் அனுபவமுள்ள மருத்துவர்கள் கூடுதலான எண்ணிக்கையில். பேச்சில் அழுத்தமும் சூழலும் பெரும்பாலும் காப்பாற்றிவிடும், எழுத்தில் அந்தத் துணை குறைவு. ‘மருத்துவமனைக்கு இவர்கள் தேவை’ என்று வாக்கியம் முடிந்தால், ஆட்களைக் கூட்டுவதா, இருப்பவர்களை மாற்றுவதா என்பதே தெரியாமல் போகும்.

எல்லா இடத்திலும் இந்தச் சிக்கல் வராது. ‘ஸ்மார்ட்டர் டாக்டர்ஸ்’ போல விகுதி ஏற்கும் சொற்களில் ஒரே பொருள்தான். ‘எ மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டாக்டர்’ என்று ஒருமையில் சொன்னாலும் தெளிவு. ‘மோர்’ ஏற்கும் பெயரடை, பின்னால் பன்மைப் பெயர் அல்லது எண்ண முடியாத பெயர், இவை சேரும்போதுதான் கவனம் தேவை. ‘மோர் யூஸ்ஃபுல் இன்ஃபர்மேஷன்’ அப்படிப்பட்டது. எண்ணைச் சேர்த்தாலும் தீராது. ‘டூ மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டாக்டர்ஸ்’ என்றால் இன்னும் இருவரா, கூடுதல் அனுபவமுள்ள இருவரா?

பிரித்துக் காட்ட எளிய கருவி ஒன்று இருக்கிறது. ‘மெனி மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டாக்டர்ஸ்’ என்றால் பெரும்பாலும் எண்ணிக்கை. ‘மச் மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டாக்டர்ஸ்’ என்றால் அனுபவத்தின் அளவு. எண்ணக்கூடிய பன்மைப் பெயரை ‘மச் மோர்’ ஏற்காது என்பதால், கேட்பவர் அதைப் பெயரடையோடுதான் சேர்ப்பார். ஆனால் இது ‘மிகவும்’ என்ற பொருளையும் கூட்டிவிடும். மூலத்தில் அது இல்லையென்றால் ‘டாக்டர்ஸ் வித் மோர் எக்ஸ்பீரியன்ஸ்’ அல்லது ‘எ கிரேட்டர் நம்பர் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்ட் டாக்டர்ஸ்’ என்று எழுதிவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான், இருந்தாலும் பொருள் நிற்கும். குறைவைச் சொல்லும்போது, கவனமாக எழுதுபவர்கள் எண்ணிக்கைக்கு ‘ஃபியூவர்’, அளவுக்கு ‘லெஸ்’ என்று பிரிப்பதால் பன்மையில் சிக்கல் தானாகவே தீர்கிறது.

மிகைப்படுத்தும் சொற்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் அடுத்த தடை அங்கேதான் வரும். ‘எ வெரி பிக்கர் ஹவுஸ்’ கிடையாது. ‘எ மச் பிக்கர் ஹவுஸ்’, ‘எ ஃபார் பிக்கர் ஹவுஸ்’. சற்றே பெரியது என்றால் ‘எ ஸ்லைட்லி பிக்கர் ஹவுஸ்’. ‘எ பிட்’ என்பதில் ஏற்கெனவே ஓர் ‘எ’ இருப்பதால் தொடருக்குள் அது சரியாக உட்காராது. ‘த ஹவுஸ் இஸ் எ பிட் பிக்கர்’ என்று பயனிலையில் வைத்தால் நன்றாக இருக்கும். ‘நோ’ வந்தால் வரிசையே புரண்டுவிடும்: ‘ஹீ இஸ் நோ பெட்டர் எ பிளேயர் தேன் ஐ ஆம்’. கொஞ்சம் ஏட்டு நடை, ஆனாலும் நல்ல ஆங்கிலம். நிறம், பொருள் போன்ற மற்ற அடைகள் இருந்தால் ஒப்பீட்டுப் பெயரடை அவற்றுக்கு முன்னால்: ‘எ பிக்கர் ரெட் பாக்ஸ்’.

‘தேன்’ வேண்டாத ஒப்பீடுகளும் உண்டு. ‘ஹையர் எஜுகேஷன்’, ‘த யங்கர் ஜெனரேஷன்’ ஆகியவற்றில் எதைவிட என்ற கேள்வியே எழுவதில்லை. ‘ஆன் ஓல்டர் மேன்’ என்பவர் ‘ஆன் ஓல்ட் மேன்’ என்பவரைவிடப் பெரும்பாலும் வயதில் குறைந்தவர்! ‘கிழவர்’ என்று மூலத்தில் இருந்தால் முதலாவதைப் போடாதீர்கள், ‘வயதானவர்’ என்று மரியாதையாக இருந்தால் அது பொருந்தும். ‘எல்டர்’ குடும்ப உறவைச் சொல்லப் பெயருக்கு முன்னால் வரும்: ‘மை எல்டர் பிரதர்’. ‘ஹீ இஸ் எல்டர் தேன் மீ’ என்று நம்மிடையே பரவலாகச் சொல்வது தவறு, அங்கே ‘ஓல்டர்’. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ மூன்றும் ‘தேன்’ ஏற்பதில்லை, ‘டு’ ஏற்கும்.