மார்ட்டினிக் கால்பந்து லீக்கில் கோப்பை வென்றால் பிரான்சின் உச்ச லீக்கான லீக் 1-க்குப் போக முடியுமா?

முடியாது. கரீபியன் தீவான மார்ட்டினிக் பிரான்சின் பகுதிதான் என்பதால் இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் தீவின் உச்ச லீக்கான 'ரெஜியோனால் 1'-இல் முதலிடம் பிடிக்கும் அணிக்கு அதற்கு மேல் ஏற ஏணியே இல்லை. காரணம் தூரம். பாரிசுக்கும் தீவுக்கும் நடுவே சுமார் 6,800 கிலோமீட்டர் கடல். வேலைக்குப் போய்க்கொண்டே ஆடும் அமெச்சூர் வீரர்கள் வாராவாரம் விமானம் ஏற முடியுமா?

லீக்கில் அதிகம் சாதித்தது கிழக்குக் கரையில் உள்ள லெ பிரான்சுவா ஊரின் கிளப் பிரான்சிஸ்கேன். 20-க்கும் மேற்பட்ட பட்டங்கள்!

சரி, பெரிய அணிகளோடு மோத வழியே இல்லையா? இருக்கிறது, பிரெஞ்சுக் கோப்பை. தீவில் தகுதிச் சுற்றுகளை வென்றவர்கள் ஏழாம் சுற்றில் மற்ற பிரெஞ்சு அணிகளோடு சேர்வார்கள். அப்படித்தான் சேன்-ஜோசப் ஊரின் கோல்டன் லயன், 2024 ஜனவரியில் லீல் அணியை எதிர்கொண்டது. 12-0 எனத் தோற்றது. அந்த எண்ணை மட்டும் பார்த்து ஏளனம் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. லீக் 1-இன் முழுநேர வீரர்களுக்கு எதிரே நிற்கும் இடம்வரை ஒரு தீவு கிளப் வென்று வந்ததே பெரிய விஷயம்.

அப்புறம், வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கால்பந்துக் கூட்டமைப்பான கான்ககாஃபில் மார்ட்டினிக் உறுப்பினர் என்பதால் அதன் கிளப்புகள் கரீபியன் போட்டிகளிலும் ஆடலாம். ஃபிஃபாவில் உறுப்பினர் இல்லை. ஆகவே மார்ட்டினிக் அணிக்கு கான்ககாஃபின் கோல்ட் கப் உண்டு, உலகக் கோப்பை கிடையாது.