மலையேற்றத்தில் சூடாகும் கார்: ரேடியேட்டரை மாற்றுமுன் ஷ்ரவுடைக் கவனியுங்கள்

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். என் பழைய மாருதி எஸ்டீம் காரில் பலேனோவின் 1.6 லிட்டர் எஞ்சினைப் பொருத்தியிருக்கிறேன். ரேடியேட்டர் பழைய எஸ்டீமுடையதுதான். அதன் பின்னால் ஒரே ஒரு 12 அங்குல மின்விசிறி உள்ளது, ஷ்ரவுடு (காற்றை விசிறிக்குத் திருப்பும் கூடு) கிடையாது. கோவை சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் வெப்பமானி ஊசி நடுவில்தான் நிற்கிறது. மேட்டுப்பாளையத்தைத் தாண்டி ஏறத் தொடங்கி, ஏதாவது ஒரு பேருந்தின் பின்னால் மாட்டிக்கொண்டால், குஞ்சப்பனை வருவதற்குள் ஊசி சிவப்பை நெருங்கிவிடுகிறது. தடித்த அலுமினிய ரேடியேட்டர் போடச் சொல்கிறார் ஒரு மெக்கானிக். தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் திரவத்தைத் தடுக்கும் வால்வு) கழற்றி எறியச் சொல்கிறார் இன்னொருவர். மலையில் காற்று மெலிந்திருப்பதுதான் காரணம் என்கிறார் நண்பர். ஆண்டுக்கு இரண்டு முறை செட்டிப்பாளையம் கரி பந்தயத் தடத்திலும் ஓட்டுகிறேன். எதை வாங்கலாம்?

பதில்: சமவெளியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஊசி அசையாமல் நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியே முக்கியமான தடயம். ரேடியேட்டர் உண்மையிலேயே சிறியதாக இருந்தால், அல்லது உள்ளே உப்புப் படிந்து அடைத்திருந்தால், வேகமாக ஓடும்போதும் அது தெரிந்திருக்கும். ஏறத்தாழ 50, 60 கிலோமீட்டருக்கு மேல் போகும் கார் தன் ஓட்டத்தாலேயே ரேடியேட்டருக்குள் காற்றைத் தள்ளிக்கொள்கிறது. விசிறிக்கு அங்கே வேலையே இல்லை. பேருந்தின் பின்னால் இரண்டாம் கியரில் 20 கிலோமீட்டர் வேகத்தில், அதுவும் அதன் சூடான புகையை வாங்கிக்கொண்டு ஊர்ந்து ஏறும்போதுதான் விசிறியும் அதன் கூடும் சோதனைக்கு உள்ளாகின்றன. ஆகவே உங்கள் வண்டிக்குக் குறைவது பெரும்பாலும் காற்றோட்டம்தான் என்று நினைக்கிறேன்.

நண்பர் சொல்லும் மெலிந்த காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். விசிறி அதே அளவு காற்றை இழுத்தாலும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே இழுக்கிறது. ஆனால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம்) 90 டிகிரியில் இருக்கும்போது, அடிவாரத்திலுள்ள கல்லாறு வெயிலில் 36 டிகிரிக் காற்றுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 54 டிகிரி, உதகையின் 18 டிகிரிக் காற்றுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 72 டிகிரி. மெலிவால் இழப்பதைக் குளிர்ச்சி ஈடுகட்டிச் சற்று மிச்சமும் வைக்கிறது. எனவே மலைப்பாதையில் காருக்கு மிகக் கடினமான பகுதி உச்சி அல்ல, அடிவாரத்து வெக்கையில் தொடங்கும் முதல் சில கொண்டை ஊசி வளைவுகள்தான். உங்கள் ஊசி குஞ்சப்பனைக்கு முன்பே ஏறுவதும், அதற்கும் மேலே உள்ள அரவேணுவில் அல்ல என்பதும் இதனோடு பொருந்துகிறது.

உயரம் உண்மையில் தொல்லை தருவது கொதிநிலையில். உதகையில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் நல்ல ரேடியேட்டர் மூடி இருந்தால், கடல் மட்டத்தில் சுமார் 119 டிகிரி வரையிலும் உதகையில் சுமார் 115 டிகிரி வரையிலும் வெறும் தண்ணீர்கூடக் கொதிக்காது. அந்த மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். ஆகவே முதல் செலவு ஒரு புதிய மூடியாக இருக்கட்டும். எஞ்சினுக்குக் குறிப்பிடப்பட்ட அதே அழுத்தத்தில் வாங்குங்கள்.

எதையும் வாங்குமுன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். சூடு ஏறியவுடன் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடவிட்டு, ரேடியேட்டருக்குள் போகும் மேல் ஹோஸின் வெப்பத்தையும் வெளியே வரும் கீழ் ஹோஸின் வெப்பத்தையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பளபளக்கும் அலுமினியத் தொட்டியின் மேல் அதைக் காட்டினால் தவறான எண் வரும். கறுப்பு ரப்பர் ஹோஸின் மேல் காட்டினால் நம்பலாம். இரண்டுமே சூடாக, மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் மட்டுமே இருந்தால், கூலன்ட் நன்றாக ஓடுகிறது, காற்றுதான் வெப்பத்தை எடுத்துச் செல்லவில்லை என்று பொருள். மேலே 100, கீழே 75 என்பதுபோலப் பெரிய இடைவெளி இருந்தால் கூலன்ட் மெதுவாக ஓடுகிறது. அப்போது வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பாதி அடைபட்ட டியூப்கள், உறிஞ்சலில் நசுங்கும் கீழ் ஹோஸ் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது சோதனைக்கு ஓர் ஊதுபத்தி போதும். வண்டியை நிறுத்தி, விசிறியை நேரடியாக மின்கலத்தில் இணைத்து ஓடவிட்டு, முன் கிரில்லைச் சுற்றி ஊதுபத்தியை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். உங்கள் வண்டியில், விசிறிக்கு நேர் எதிரே புகை சட்டென்று உள்ளே போகும் என்றும், ரேடியேட்டரின் மூலைகளில் அது எங்கும் போகாமல் மேலே சுருண்டு நிற்கும் என்றும் எதிர்பார்க்கிறேன். ரேடியேட்டருக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையிலுள்ள சந்துகளில் புகை எதிர்த்திசையில் முன்னோக்கி வருவதையும் பலர் அப்போதுதான் முதன்முறையாகக் காண்கிறார்கள்: எஞ்சின் அறையின் சூடான காற்று சுற்றிவந்து மறுபடியும் ரேடியேட்டருக்குள் நுழைகிறது.

ஷ்ரவுடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் பரப்பளவே காட்டிவிடும். கோர் என்பது ரேடியேட்டரில் டியூப்களும் ஃபின் என்னும் மெல்லிய தகடுகளும் நிறைந்த நடுப்பகுதி; அது 22 அங்குல அகலமும் 14 அங்குல உயரமும் உள்ளது என்று வைத்துக்கொண்டால் பரப்பு 308 சதுர அங்குலம். 12 அங்குல விசிறி மறைப்பது 113 சதுர அங்குலம். ஷ்ரவுடு இல்லாதபோது, விசிறி ஓடினாலும் கோரின் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான பகுதி கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. ஷ்ரவுடு என்பது கோரின் முழு முகத்தையும் மூடி, எல்லா ஃபின்கள் வழியாகவும் வரும் காற்றை விசிறியின் வாய்க்குக் கொண்டுவரும் பெட்டி. அதைச் செய்யும்போது தகரப் பட்டறைகளில் வழக்கமாக நேரும் பிழை, தட்டையான ஒரு தகட்டில் வட்டத் துளை போட்டு, அதைக் கோரின் மேலேயே ஒட்டினாற்போல் திருகிவிடுவது. அப்படிச் செய்தால் துளைக்கு நேர் எதிரே உள்ள பகுதியில் மட்டும் காற்று ஓடும். மீதிப் பகுதியை நீங்களே மூடிவிட்டீர்கள், வேகமாக ஓடும்போதும் இனி அங்கே காற்று போகாது, அதாவது முன்பு இல்லாத குறை ஒன்று புதிதாக வந்து சேரும். தகட்டுக்கும் கோருக்கும் இடையே குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், இடம் இருந்தால் 50 மில்லிமீட்டர். விளிம்பு முழுவதும் ரப்பர் பட்டை வைத்து இறுக்குங்கள். ரேடியேட்டரின் முன்பக்கம், ஏசி கண்டென்சரையும் சேர்த்து, பக்கச் சந்துகளை அடர்த்தியான ஃபோம் கொண்டு அடையுங்கள். இந்த ஃபோம் வேலைக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. பலன் சில வண்டிகளில் புதிய விசிறியைவிட அதிகம்.

விசிறிக்கு வருவோம். பெட்டியின் மேல் அச்சிடப்படும் சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற எண், பெரும்பாலும் எதிரே எந்தத் தடையும் இல்லாமல் அளந்தது. கண்டென்சரும் ரேடியேட்டரும் எதிரே நிற்கும்போது அது மிகவும் குறையும். எவ்வளவு தேவை என்பதை இப்படிப் பார்க்கலாம். பெட்ரோலின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வேலையாகவும், ஒரு பங்கு புகையோடும், ஒரு பங்கு கூலன்டிலும் போகிறது. வளைவுக்கு வளைவு அழுத்தி ஏறும்போது சராசரியாக 30 கிலோவாட் கூலன்டில் சேர்கிறது என்று சற்றுத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வீட்டு வாட்டர் ஹீட்டர்கள் பதினைந்து சேர்ந்தாற்போன்ற வெப்பம் அது. காற்று 30 டிகிரி சூடேறி வெளியேறுகிறது என்றால் நொடிக்கு ஒரு கிலோ காற்று வேண்டும். அடிவார வெயிலில் அது ஏறத்தாழ 1,900 சி.எஃப்.எம்.; கோரைத் தாண்டி உண்மையில் வர வேண்டிய அளவு இது. உங்கள் ஒற்றை விசிறியிடம் இதை எதிர்பார்க்க முடியாது. 22 அங்குல அகலத்தில் இரண்டு 10 அங்குல விசிறிகள் சட்டத்தோடு வசதியாக அமரும். இரண்டும் சேர்ந்து கோரில் பாதிப் பரப்பை நேரடியாகவும் மீதியை ஷ்ரவுடு வழியாகவும் இழுக்கும். மெதுவாக ஊரும்போது எஞ்சின் உண்டாக்கும் வெப்பம் இந்த 30 கிலோவாட்டில் பாதிகூட இராது என்பதால், அந்த ஜோடி போதுமானது. கோரின் பின்னால் நின்று இழுக்கும் வகையையே வாங்குங்கள். முன்னால் நின்று தள்ளும் விசிறி, வண்டி வேகமாக ஓடும்போது தானே காற்றுக்குத் தடையாகிவிடும்.

இரட்டை விசிறியில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒன்று ஓட, மற்றொன்று நின்றால், ஓடும் விசிறி கோர் வழியாக இழுப்பதைவிட எளிதாக, நின்றுபோன விசிறியின் துளை வழியாகப் பின்னாலிருந்து காற்றை இழுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டையும் ஒரே வேளையில் ஓடவிடுங்கள், அல்லது ஷ்ரவுடின் நடுவே ஒரு தடுப்புத் தகடு வையுங்கள்.

விசிறியைக் கோரோடு கட்டாதீர்கள். ஃபின்களின் ஊடே பிளாஸ்டிக் கொக்கிகளைச் செருகி இறுக்கும் முறை இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் வண்டியில் ஒரு கடையில் அப்படித்தான் கட்டிக்கொடுத்தார்கள். அதிர்வில் கொக்கி டியூபைக் கொஞ்சங்கொஞ்சமாக அரைத்து, மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறும்போது, 36 வளைவுகளில் பாதியைக்கூட எட்டாத இடத்தில் துளையாக்கிவிட்டது. இரண்டு மணி நேரம் வண்டி ஆறக் காத்திருந்து, அங்கிருந்து கயிறு கட்டித்தான் உதகைக்குக் கொண்டுவந்தோம். அந்த ரேடியேட்டரை வெட்டிப் பார்த்தபோது, கொக்கி பட்ட இடத்தில் டியூபில் நகக்கீறல் அளவே ஒரு பள்ளம் இருந்தது. ஷ்ரவுடு செய்வதால் கிடைக்கும் இன்னொரு நன்மை, விசிறிகளின் எடையை அது ரேடியேட்டரின் பக்கச் சட்டங்களுக்குக் கொண்டுபோய்விடுவது.

மின்சாரப் பகுதியில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு விசிறிக்கும் தனி ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்), மின்கலத்துக்கு அருகிலேயே தனி ஃபியூஸ், தடித்த கம்பி, பெயின்ட் சுரண்டிய சுத்தமான எர்த் ஆகியவை வேண்டும். விசிறி ஓடும்போது மின்கலத்திலும் விசிறியின் இணைப்பிலும் வோல்டேஜை அளந்து, அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கம்பியையோ இணைப்பையோ மாற்றுங்கள், ஏனெனில் வோல்டேஜ் குறைந்தால் சுற்றும் குறையும், காற்றும் குறையும். இரவில் மூடுபனியில் ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் ஓட, எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் தாங்குகிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறப்பது என்றால், விசிறி 92-இல் தொடங்கி 87-இல் நிற்கும் சுவிட்ச் பொருத்தம். நிற்கும் வெப்பம் 82-க்குக் கீழே அமைந்தால் விசிறி ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் யோசனையை ஏற்காதீர்கள். கோத்தகிரியிலிருந்து கியரில் இறங்கும்போது எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்து, பெட்ரோல் அதிகம் குடிக்கும்; ஏற்றத்துப் பிரச்சினையோ அப்படியே இருக்கும். கூலன்ட் இல்லாத வெறும் தண்ணீரும் கூடாது. தண்ணீர்தான் வெப்பத்தைச் சிறப்பாக எடுத்துச் செல்லும் என்பது உண்மையே, ஆனாலும் அது அலுமினியத்தை அரிக்கும். டிசம்பர், ஜனவரி விடியல்களில் உதகையில் உறைபனி விழுவதை நீங்கள் அறிவீர்கள். டிஸ்டில்டு தண்ணீரில், நீர் கலக்காத கூலன்டை 30 சதவீதம் கலந்தால் இரண்டு தேவையும் தீரும்.

இத்தனைக்குப் பிறகும் ரேடியேட்டர் மாற்ற வேண்டுமா என்றால், மலைக்காக வேண்டியிராது, கரி தடத்துக்காக வேண்டியிருக்கலாம். அங்கே எஞ்சின் தொடர்ந்து முழுத் திறனில் ஓடும், காற்றும் தாராளமாக வரும். கோரின் பரப்புதான் எல்லையாகும். வாங்கினால், தடிப்பைவிட முகப்பரப்புக்கு முதலிடம் கொடுங்கள். மிகத் தடித்த கோரில் பின்வரிசை டியூப்களுக்கு ஏற்கனவே சூடான காற்றே கிடைக்கும். அதோடு அதன் ஊடே காற்றை இழுக்க விசிறி திணறும், ஆக மெக்கானிக் சொன்ன ரேடியேட்டர் உங்கள் ஊர்ந்தேறும் சிக்கலை மோசமாக்கவும் கூடும். அகலமான டியூப்கள் கொண்ட இரண்டு வரிசை அலுமினியக் கோர், அங்குலத்துக்கு 12 முதல் 14 ஃபின் என்பது நல்ல நடுவழி. ஃபின் அதற்கு மேல் நெருங்கினால் மழைக்காலச் சேறும் பூச்சியும் அடைத்துக்கொள்ளும். செம்பு அலுமினியத்தைவிட வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்றாலும், பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டர்களில் டியூபுக்கும் ஃபினுக்கும் இடையே நிற்கும் ஈயப்பற்று அந்த நன்மையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. கூலன்ட் கிடைமட்டமாக ஓடும் வகையானால், மூடி வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் உள்ள தொட்டியில் இருக்க வேண்டும். அழுத்தம் கூடிய பக்கத்தில் வைத்தால் உயர் சுற்றில் கூலன்டைத் துப்பும்.

தடத்தில் ஷ்ரவுடே காற்றை மறிக்காமலிருக்க, விசிறிகள் இல்லாத மூலைகளில் உள்ளங்கை அளவு துளைகள் வெட்டி, மேல்விளிம்பில் மட்டும் திருகிய ரப்பர் மடல்களைப் பின்பக்கமாகத் தொங்கவிடுங்கள். விசிறி இழுக்கும்போது மடல் துளையோடு ஒட்டிக்கொள்ளும். வேகத்தில் காற்றின் தள்ளலில் திறக்கும். இதற்கு லாரி டியூபின் ரப்பர் போதும். பொருத்திய பின் பழையபடி ஒரு நண்பகலில் குஞ்சப்பனை வரை ஏறி, முன்பு அளந்த அதே ஹோஸ்களில் மீண்டும் அளந்து பாருங்கள். மேல் ஹோஸ் 95 டிகிரிக்குள் நின்று, கீழ் ஹோஸ் அதைவிட ஆறேழு டிகிரியாவது குறைந்திருந்தால், ரேடியேட்டருக்கென்று ஒதுக்கிய பணத்தைத் தடத்துக்குப் போகும் மாதம் வரை கையிலேயே வைத்திருக்கலாம்.