நாள் பார்த்து வைக்கும் தீ

கேள்வி: பஞ்சாபில் நெல் தாளை எரிக்கும் விவசாயிக்கு அபராதம் விதிக்கிறார்கள். காற்றுத் தர விதிகள் கடுமையான கலிபோர்னியாவிலோ அரசே அனுமதி கொடுத்து எரிக்க விடுகிறதாமே, எப்படி?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அனுமதி உண்டு, ஆனால் கேட்டவர்க்கெல்லாம் இல்லை. அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கொளுத்துவதே கலிபோர்னியாவில் நெல் விளையும் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் முன்பு பெருவழக்கமாக இருந்தது. 1991இல் வந்த சட்டம் அதைப் படிப்படியாகக் குறைத்தது. இன்று பயிர்நோய் கண்ட வயல் என்று உறுதியானால்தான் எரிக்கலாம். அதிலும் ஒருவர் தாம் பயிரிட்ட பரப்பில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பள்ளத்தாக்கு முழுவதற்கும் 1,25,000 ஏக்கர் என்ற உச்சவரம்பும் உண்டு.

அதன் பிறகும் நாள் பார்க்க வேண்டும். தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக் காற்று மூடிபோல் படிந்திருந்தால், புகை மேலெழ வழியின்றி ஊருக்குள்ளேயே தங்கிவிடும் என்பதால், மாநிலக் காற்று வாரியம் வானிலையைக் கணித்து, இன்று எரிக்கலாம் அல்லது கூடாது என்று அன்றாடம் அறிவிக்கிறது. எரிக்கலாம் என்ற நாளிலும், அன்றைய காற்று எவ்வளவு புகையைக் கரைக்கும் என்று பார்த்து, பகுதிவாரியாக இத்தனை ஏக்கர் என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். எனக்குப் பிடித்த விதி வைக்கோலைப் பற்றியது: ஒரு கைப்பிடி எடுத்துச் சட்டென்று மடக்கினால் அது மொறமொறவென்று ஒலிக்க வேண்டும். ஈர வைக்கோல் எரிவதை விடப் புகைவதே அதிகம். நுண்துகளும் அதில்தான் மிகுதி. தீயையும் காற்றை எதிர்த்து மெல்ல நகரும்படியே வைக்க வேண்டும்.

இதை அப்படியே பஞ்சாபுக்குப் பொருத்த முடியும் என்று நான் கருதவில்லை. கலிபோர்னியாவில் ஆண்டுக்கு ஒரு போகம்தான் நெல். ஆகவே வைக்கோலை மடக்கி உழுது, குளிர்காலம் முழுவதும் தண்ணீர் கட்டி மட்கவிட அவகாசம் இருக்கிறது. (வலசை வரும் வாத்துகளுக்கும் அந்த வயல்கள் இரைக்களம்.) பஞ்சாபிலோ நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே கிடைப்பது இரண்டு மூன்று வாரம், காற்று அடங்கிப் புகை தேங்கும் காலமும் அதுவே. நல்ல நாளுக்காகக் காத்திருக்கச் சொன்னால் விவசாயி விதைப்பைத் தவறவிடுவார்.

கேள்வி: காட்டுத்தீயைத் தடுக்கக் கலிபோர்னியாவில் திட்டமிட்டு வைக்கும் தீக்கும் இதே விதிதானா?
– வாசகர், கூடலூர்

பதில்: நாள் பார்ப்பது அதற்கும் பொருந்தும். கூடவே, பரப்பு 10 ஏக்கருக்கு மேல் இருந்தாலோ, வெளிவரும் துகள் ஒரு டன்னைத் தாண்டும் என்றாலோ, அருகில் குடியிருப்புகள் உண்டா என்பது போன்றவற்றை எழுதிய புகை மேலாண்மைத் திட்டத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். ஏற்ற நாள் அமையாமல் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும் திட்டங்களும் உண்டு.