கணக்கை ஊரறிய வாசிக்க முடிந்தால் தளம் தொடங்கலாம்: கட்டற்ற மென்பொருளுக்குக் கூட்டு நிதி, கேள்வி பதில்

கட்டற்ற மென்பொருள் (ஓப்பன் சோர்ஸ்), அதாவது நிரலை யாரும் பார்த்து, திருத்தி, பகிரக்கூடிய மென்பொருள் எழுதுகிறவர்களுக்குப் பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக் கொடுக்கும் இணையதளத்தை நானும் மூன்று நண்பர்களும் நாகர்கோவிலில் இருந்து சின்ன அளவில் நடத்துகிறோம். பகலில் எனக்குக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கும் வேலை. இதே மாதிரி தளம் தொடங்க நினைக்கும் பிள்ளைகள் மாவட்டம் முழுக்க இருந்து கேட்ட கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அக்கா, ஓப்பன் சோர்ஸ்னா சும்மா கிடைக்கிறதுதானே? அதுக்கு யாரு காசு குடுப்பா?
(கல்லூரி மாணவர், தக்கலை)

கொடுத்திருக்கிறார்கள், மக்களே. 2002-ல், முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளை நடத்திவந்த கம்பெனி மூடப்பட்டது. அதன் மூல நிரலை வெளியே விட முதலீட்டாளர்கள் கேட்டது 1,00,000 யூரோ. பிளெண்டரை எழுதத் தொடங்கிய டான் ரூசெண்டால் அதைப் பயன்படுத்தியவர்களிடமே கேட்டார். ஏழே வாரத்தில் தொகை சேர்ந்தது. அந்த அக்டோபரில் பிளெண்டர் ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தது.

கொடுக்காமல் விட்டதன் விளைவையும் பார்த்திருக்கிறோம். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரிய வந்தபோதுதான், உலகத்தின் எத்தனையோ இணையதளங்கள் தகவலைப் பூட்டி அனுப்ப நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்பது வெளியே தெரிந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம். சம்பளமில்லாமல் தனியாளாகப் பராமரித்துக் களைத்துப்போனவரிடம் ஒருவர் உதவிக்கு வருவதுபோல வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் பழகி நம்பிக்கை சம்பாதித்து, உள்ளே திருட்டு வழி வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்.எஸ்.எச். உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்ததால் தப்பித்தோம். சும்மா கிடைப்பது மென்பொருளின் நகல்தான். அதைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறவருடைய நேரம் சும்மா வருவதில்லை. உங்கள் தளம் அந்த நேரத்துக்குத்தான் பணம் சேர்க்க வேண்டும்.

டிசைன் முடிச்சாச்சு. ஜாங்கோவா, லாராவெல்லா, எதுல கட்டலாம்?
(மார்த்தாண்டத்தில் இருந்து இருவர்)

இரண்டும் இணையதளம் கட்ட உதவும் மென்பொருள் சட்டகங்கள். இப்போதைக்கு எதிலும் கட்டாதீர்கள். முதல் மூன்று திட்டங்களைக் கையால் நடத்துங்கள். ஒரே ஒரு பக்கம், ஒரு பேமென்ட் லிங்க், யாரும் பார்க்கக்கூடிய ஒரு கணக்குத் தாள். அது போதும்.

எங்கள் சபையில் அம்மாமார் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவருவார்கள். அளந்து, விற்று, நோட்டில் எழுதி, வருடக் கடைசியில் சபையார் முன்னால் கணக்கு வாசிப்பார்கள். இத்தனை பக்கா அரிசி, இத்தனை ரூபாய், இன்ன செலவு என்று வாசிப்பார்கள். அந்த வாசிப்பு இருப்பதால்தான் அடுத்த வருடமும் அரிசி வருகிறது. நீங்கள் கட்டப்போவதும் அந்த நோட்டைத்தான். ஜாங்கோ அதற்கு அட்டை மாதிரி.

எங்கள் நோட்டில் நடந்த பிழையைச் சொல்கிறேன். முதல் திட்டத்துக்கு இலக்கு 60,000 ரூபாய். 60,000 எட்டியதும் "நிறைந்தது" என்று அறிவித்தோம். எங்கள் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் நிறுவனம்) வந்த எல்லாப் பணத்துக்கும் 2 சதவீதமும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிடித்தது. ஆயிரம் ரூபாய்க்கு 20 ரூபாய் கட்டணம், 3.60 வரி, வங்கியில் விழுவது 976.40. ஆக எழுதுகிறவர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது 58,584. குறைந்த 1,416 ரூபாயை நாங்கள் நாலு பேரும் போட்டுக் கொடுத்தோம். அன்றையில் இருந்து தாளில் ஐந்து பத்தி: தேதி, கொடுத்தவர் (பெயர் வேண்டாம் என்றால் அப்படியே எழுதுவோம்), கொடுத்தது, கட்டணம், வந்தது. இந்த ஐந்தும் மூன்று திட்டங்களில் பிசகாமல் ஓடினால் அதற்கப்புறம் நிரல் எழுதுங்கள். அப்போதும் பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டாம். கூட்டு நிதி திரட்டும் ஓப்பன் கலெக்டிவ் தளத்தின் நிரலும், பிரேசிலின் கத்தார்சே தளத்தின் நிரலும் திறந்தே கிடக்கின்றன. வாசித்துப் பாருங்கள்.

பணத்தை நம்ம அக்கவுண்ட்ல வாங்கி வெச்சு, இலக்கு எட்டின பிறகு திட்டக்காரருக்குக் குடுத்தா போதுமா?
(நாகர்கோவில், வடசேரி)

கூடாது. இந்த இடத்தில்தான் நல்ல எண்ணம் உள்ளவர்களும் மாட்டிக்கொள்வார்கள். பிறருக்குப் போய்ச் சேரவேண்டிய பணத்தை வாங்கி, சேர்த்து வைத்து, பிறகு கொடுப்பது பேமென்ட் அக்ரிகேட்டர் வேலை. ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் கொண்டுவந்த விதிப்படி, அதற்கு அனுமதி கேட்கும்போதே 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு வேண்டும். மூன்றாம் வருட முடிவில் 25 கோடி. பணம் எஸ்க்ரோ கணக்கில், அதாவது நம் சொந்தச் செலவுக்கு எடுக்க முடியாத தனி வங்கிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். நம்மால் ஆகாத காரியம், நமக்குத் தேவையும் இல்லை.

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, அனுமதி பெற்ற கேட்வே மூலம் பணம் நேராகத் திட்டக்காரர் கணக்குக்கே போவது. நீங்கள் பக்கத்தையும் கணக்குத் தாளையும் மட்டும் நடத்துகிறீர்கள். இரண்டு, முதலில் வாக்குறுதி மட்டும் வாங்கி, இலக்கு எட்டிய பிறகு வசூலிப்பது. புதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது யு.பி.ஐ.யில் பணம் நம் கணக்கிலேயே முடங்கி இருக்கும் அல்லவா, அதே ஒருமுறை மேன்டேட் (முன் அனுமதி) வசதியை உங்கள் கேட்வே தருகிறதா என்று கேளுங்கள். மூன்று, பொது அறக்கட்டளை பதிவு செய்து, அறக்கட்டளையே நன்கொடை வாங்கி மானியமாகக் கொடுப்பது. நாங்கள் முதல் வழியில் இருக்கிறோம். பணம் ஒரு நாள்கூட எங்கள் கையில் தங்குவதில்லை என்பதால் எனக்கு இரவில் தூக்கம் வருகிறது.

எந்த வழியானாலும் சொந்த சேவிங்ஸ் கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள். வீட்டுக் காசும் ஊர்க் காசும் ஒரே பாஸ்புக்கில் கலந்துவிட்டால், நீங்கள் ஒரு ரூபாய் எடுக்காவிட்டாலும் அதை நிரூபிக்க முடியாது. சீட்டுப் பிடித்து நொடித்தவர்களின் கணக்கைப் பார்த்திருக்கிறேன். திருடியவர்களைவிடக் கலந்துவிட்டவர்கள்தான் அதிகம்.

நான் குவைத்துல வேலை பாக்கேன். என்னை மாதிரி ஆளுங்க அனுப்பினா வெளிநாட்டு நிதி கேஸ் ஆகிருமா?
(குளச்சல்காரர்)

நம் மாவட்டத்துக்கு முக்கியமான கேள்வி, தம்பி. நீங்கள் இந்தியக் குடிமகன். உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் உங்கள் மாமா கனடா குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், அவர் அறக்கட்டளைக்குக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்குப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். ஆகவே பணம் கட்டும் பக்கத்தில் "இந்தியக் குடியுரிமை உள்ளதா?" என்ற ஒரு கட்டத்தைக் கட்டாயம் வையுங்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒரு புரோகிராமரிடம் வேலை வாங்கி, அதற்குக் கூலியாகத் தருவது வேறு கதை. அது நன்கொடை அல்ல, சேவை ஏற்றுமதி.

லாபத்துல பங்கு தாறோம்னு சொல்லி சேர்க்கலாமா?
(தோவாளை)

வேண்டாம். அப்படிப் பொதுமக்களிடம் இணையத்தில் பங்கு விற்க இந்தியாவில் அனுமதி இல்லை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2014-ல் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டதோடு நிற்கிறது.

ஒரே தடவை இலக்கு வைக்கிறது நல்லதா, மாசாமாசம் வாங்கிறது நல்லதா?
(மென்பொருள் ஊழியர், கோணம்)

புதிதாக ஒன்றைச் செய்ய ஒரே தடவை. இருப்பதைக் காப்பாற்ற மாதாமாதம். எனக்கு மாதாமாதம்தான் பிடிக்கும், ஏனென்றால் மென்பொருளின் உண்மையான செலவு வெளியீட்டு விழாவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. கார்டிலும் யு.பி.ஐ.யிலும் தானாகப் பிடிக்கும் வசதிக்கு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டாம். ஆனால் 24 மணி நேரம் முன்பே அவருக்குத் தகவல் போகும். அந்தத் தகவலைப் பார்த்ததும் சிலர் நிறுத்துவார்கள். அதே நாளில் "போன மாதம் உங்கள் 100 ரூபாயில் இந்த இரண்டு பிழை சரியானது" என்று நீங்களும் ஒரு வரி அனுப்புங்கள். நாங்கள் அப்படி அனுப்ப ஆரம்பித்த பிறகு நிறுத்துகிறவர்கள் குறைந்தார்கள்.

கடல்ல சிக்னல் இல்லாதப்பவும், கரையிலயே இறக்கி வெச்ச வானிலை அறிவிப்பைத் தமிழ்ல வாசிச்சுச் சொல்ற ஆப் செய்றோம். நாலு லட்சம் கேட்டு எழுதினோம், ஒருத்தரும் குடுக்கல. பக்கத்தைப் பாத்துச் சொல்லுங்க அக்கா.
(தூத்தூர்)

பார்த்தேன். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு இந்த வேலையின் அவசியத்தை உங்கள் ஊருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் அது இல்லை. "புதுமையான தொழில்நுட்பத் தீர்வு" என்று தொடங்கி, "ஆப் மேம்பாடு: 4,00,000" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள்.

மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பில் "தென்மேற்குக் காற்று" என்று வருகிறது. படகில் இருப்பவர் அதைக் கச்சான் என்பார். உங்கள் ஆப் அவர் சொல்லிலேயே சொல்கிறது என்று நேற்று போனில் சொன்னீர்களே, அதுதான் முதல் வரி. அடுத்தது செலவு. நீங்கள் சொன்ன விவரத்தையே கணக்காக்கிப் பார்த்தேன். இரண்டு பேர், மூன்று மாதம், தினம் அரைநாள், ஆளுக்கு மாதம் 20,000: மொத்தம் 1,20,000. சோதிக்கப் பழைய ஆண்ட்ராய்டு போன் நாலு, 24,000. தேங்காப்பட்டணத்தில் படகுக்காரர்களோடு உட்கார்ந்து சொற்களைச் சரிபார்க்க ஆறு நாள், வண்டிக்கூலியும் சாப்பாடும் 6,000. முடித்த பிறகு ஒரு வருடம் பழுதுபார்க்க மாதம் 5,000 வீதம் 60,000. ஆக 2,10,000. கேட்வே கட்டணத்தையும் சேர்த்து இலக்கை 2,15,100 என்று வையுங்கள். நாலு லட்சத்தில் பாதிதான், ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு முகம் தெரிகிறது. இதில் பழுதுபார்ப்புக்கான அறுபதாயிரத்தை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீர்கள். ஆப் செத்துப்போவது முடித்த பிறகு வரும் அந்த ஒரு வருடத்தில்தான்.

ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பரிசுத் தொகை வெச்சா?
(திங்கள்சந்தை)

எனக்கு உடன்பாடில்லை. பிழைக்கு விலை வைத்தால் எல்லாரும் விலை உள்ள பிழையைத்தான் பார்ப்பார்கள். ஆவணம் எழுதுவது, கேள்விக்குப் பதில் சொல்வது, பழைய நிரலைச் சுத்தம் செய்வது யாருக்கும் வேண்டாத வேலையாகிவிடும். இன்னொன்று, யாரும் வாங்காத பரிசுப் பணம் தளத்திடமே தேங்கும். இப்படிப் பிழைப் பரிசு நடத்திய பவுண்டிசோர்ஸ் தளம் 2020-ல், இரண்டு வருடம் யாரும் கோராத தொகையைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று விதியை மாற்றப் பார்த்தது. எதிர்ப்பு வந்து பின்வாங்கியது. 2023-ல் பணம் கொடுப்பதே நின்றுபோனது. தேங்கும் பணத்துக்கு என்ன கதி என்பதை முதல் நாளே விதியில் எழுதிவிடுங்கள்.

தளம் நடத்த நமக்குன்னு எவ்வளவு எடுக்கலாம்?
(இரணியல்)

கூட்டு நிதித் தளமான கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுக்கிறது. தொடர் நன்கொடைத் தளமான லிபராபே ஒன்றும் எடுப்பதில்லை, அதுவே தனக்கும் நன்கொடை கேட்டு ஓடுகிறது. நாங்கள் பணம் கட்டும்போது "தளத்துக்கு விருப்பம் இருந்தால்" என்று தனிக் கட்டம் வைத்திருக்கிறோம், முன்கூட்டியே டிக் போடாமல்.

வருமான வரி?
(பலர்)

செய்த வேலைக்காக வந்த பணம் என்றால் தொழில் வருமானம், கணக்கில் காட்ட வேண்டும். கைமாறு எதுவும் இல்லாத அன்பளிப்பு என்று சொன்னாலும், உறவினர் அல்லாதவர்களிடம் இருந்து வருடத்தில் 50,000 தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி. நன்கொடையாளருக்கு 80ஜி எனப்படும் வரிச் சலுகை வேண்டுமானால் அதற்குப் பதிவு பெற்ற அறக்கட்டளைக்குத்தான் கொடுக்க வேண்டும். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும். ரொக்கம் 2,000-க்கு மேல் செல்லாது.

காசு வாங்கினவரு வேலையைப் பாதியில விட்டுட்டா என்ன செய்ய?
(அருமனை)

எங்களுக்கு ஒருமுறை நடந்தது. எழுதிக்கொண்டிருந்தவரின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. இரண்டு மாதம் பதில் இல்லை. நாங்கள் முழுத் தொகையையும் முதலிலேயே போகவிட்டிருந்தோம். கொடுத்தவர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினோம். நிரல் முதல் நாளில் இருந்தே இணையத்தில் யாரும் பார்க்கும் களஞ்சியத்தில், யாரும் எடுத்துத் தொடரலாம் என்ற உரிமக் கோப்போடு இருந்ததால் திருவட்டாரில் இருந்து ஒரு தங்கை எடுத்துத் தொடர்ந்தாள். அவளுக்குக் கொடுக்கக் காசு இல்லை, அது இன்றும் எனக்கு வருத்தம். இப்போது மூன்று தவணையாகப் பிரித்து, ஒவ்வொரு தவணைக்கும் தனி வசூல் நடத்துகிறோம். "முடித்துவிட்டு நிரலைத் திறக்கிறேன்" என்கிறவரை எடுப்பதில்லை.

முதல் திட்டமா எதை எடுக்கலாம் அக்கா?
(அதே தக்கலை மாணவர்)

ஏற்கெனவே பத்துப் பேராவது தினமும் பயன்படுத்துவதை எடுங்கள். எல்லை தாண்டினால் கேரளத்து அரசுப் பள்ளிக்கூடங்களில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம்தான் ஓடுகிறது. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கட்டற்ற மென்பொருள் குழுவின் நண்பர்கள் எழுத்துருவையும் தட்டச்சையும் பல வருடமாகக் காத்துவருகிறார்கள். தமிழிலும் அப்படி விசைப்பலகை, எழுத்துப்பிழை திருத்தி, ஓப்பன்-தமிழ் மாதிரியான நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. உலகம் முழுக்கப் புழங்குவது என்றால் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் கட்டற்ற மென்பொருளுக்காக அறிவித்த ஃப்ளாஸ் ஃபண்ட் நிதிக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள், ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. நமக்கு அதற்குக் கீழே உள்ள சின்னவர்கள் போதும்.

பக்கம் எழுதும் முன்னால் அந்த மென்பொருளைப் பராமரிப்பவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவருக்குப் பணம் வேண்டுமா, எதற்கு வேண்டும், எந்தக் கணக்கில் வாங்குவார் என்று கேளுங்கள். சிலருக்குப் பணத்தைவிட வாரத்தில் நாலு மணி நேரம் உதவ ஓர் ஆள்தான் வேண்டியிருக்கும். அப்படிப் பதில் வந்தால் உங்கள் வகுப்பில் யாரை அனுப்பலாம் என்று யோசித்து வையுங்கள்.