பாட்டுப் பெட்டி: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: என் மகள் காரில் ஏறியதும் ‘வென் லவ் டேக்ஸ் ஓவர்’ பாட்டைத்தான் போடுகிறாள். திரையில் முதலில் டேவிட் கெட்டா பேர் வருகிறது. பாடிய கெல்லி ரோலண்ட் பேர் ‘ஃபீச்சரிங்’ என்று பின்னால். குரல் கொடுத்தவருக்கு இரண்டாம் இடமா?
– எல்.எஸ்., வேளச்சேரி

பதில்: கெட்டா பாரிஸ்காரர், டிஜே. தாளம், பியானோ, பேஸ் என்று பாட்டைக் கட்டி எழுப்புபவர் அவர் என்பதால் அது அவர் பேரில் வெளிவருகிறது. நம் ஊரில் யார் பாடினாலும் ‘ராஜா பாட்டு’, ‘ரஹ்மான் பாட்டு’ என்கிறோமே, அந்த மாதிரி.

கெல்லி ஏதோ வந்தோம், பாடினோம் என்று போனவர் இல்லை. 2008இல் கெட்டா ஒரு நிகழ்ச்சியில் போட்ட, வரிகளே இல்லாத இந்த இசை கெல்லிக்குப் பிடித்துப்போய், கேட்டு வாங்கி வரிகள் எழுதினார். 2009இல் வெளியாகி பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. எழுதியவர்கள் வரிசையிலும் கெல்லி இருக்கிறார். அதனால் இந்த இரண்டாம் இடத்தில் எனக்கு வருத்தமில்லை.

பேரே போடாத பாட்டுகள்தான் மனசை அறுக்கும். 1990இல் இத்தாலியின் ‘பிளாக் பாக்ஸ்’ குழு வெளியிட்ட ‘எவ்ரிபடி எவ்ரிபடி’யைக் கேளுங்கள். அடிவயிற்றிலிருந்து எழும்பும் அந்தக் குரல் அமெரிக்கப் பாடகி மார்த்தா வாஷுடையது. வீடியோவில் வாயசைப்பவரோ ஒல்லியான ஒரு மாடல். மார்த்தா சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார், ஜெயித்த மாதிரி சமரசமும் ஆனது. பாடியவர் பேரைச் சொல்லியாக வேண்டும் என்ற பேச்சு அங்கே வலுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இதை எழுதும்போது எனக்கு வடபழனி ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் அங்கே ட்ராக் பாடிக்கொண்டிருந்தேன். பென்சிலில் எழுதிய வரிகளை ஸ்டாண்டில் வைத்து, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டி, ஸ்ருதிக்காக இன்னொரு காதைத் திறந்து வைத்துப் பாடுவேன். பெரிய பாடகி அப்புறம் வந்து அதைக் கேட்டு தன் குரலில் பாடிவிட்டுப் போவார். அதுதான் வழக்கம், அதில் குறையில்லை. ஒரு படத்தில் மட்டும் என் ட்ராக்கையே வைத்துவிட்டார்கள். பாண்டி பஜாரில் கேசட் வாங்கி, கடை வாசலிலேயே அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. வேறொருவர் பேர் இருந்தது. சரணத்தில் நான் மூச்சு வாங்கும் சத்தம் அதில் அப்படியே கேட்கும்.

கேள்வி: இப்போதெல்லாம் எல்லோர் பேரும் போட்டுவிடுகிறார்கள், இல்லையா?
– கே.ஆர்., பெரம்பூர்

பதில்: எல்லா நேரமும் இல்லை. ஸ்வீடனின் டிஜே அவிசி 2013இல் வெளியிட்ட ‘வேக் மீ அப்’ உலகம் முழுக்க ஒலித்தது. பாடியவர் கலிஃபோர்னியாவின் அலோ பிளாக், வரிகளிலும் அவர் கை உண்டு. பாட்டின் தலைப்பில் அவிசி பேர் மட்டும்தான். அலோ பிறகு அதையே கிட்டாரோடு தனியாகப் பாடி, தன் பேரிலேயே வெளியிட்டார். தேடிக் கேளுங்கள். முதல் வரியிலேயே குரலை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.